பஸ்ஸை நிறுத்தினவர்

எங்க வீட்டுச் சமையல்கட்டுக் குழாயை என் வீட்டுக்காரர் மூடிட்டாருன்னா, அதைத் திறக்க மறுபடியும் அவரைத்தான் கூப்பிடணும். தண்ணி பாட்டில் மூடி, சர்க்கரை டப்பா மூடி, ஜன்னல் கொக்கி, எல்லாத்துக்கும் இதே கதைதான். "மனுஷங்க திறக்கற மாதிரி மூடுங்களேன்"னு நான் சொல்லுவேன். "மூடினா மூடின மாதிரி இருக்கணும்ல"ன்னு அவர் சொல்லுவாரு. இருபத்திரெண்டு வருஷமா இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்.

அவரோட வேலை அப்படி. பஸ் டிப்போவுல சக்கரம் மாட்டறவரு. அவரைப் பத்திப் பெருமையாச் சொல்ல என்கிட்ட ஒரு விஷயம் இருக்கு. ஆனா அதைச் சொல்லணும்னா நான் தலைகுனிஞ்ச கதையையும் சேர்த்துச் சொல்லித்தான் ஆகணும். எனக்குப் பாதிக்கதை சொல்லிப் பழக்கமில்லை.

முதல்ல சக்கரத்தைப் பத்திச் சொல்லிடறேன். ஒரு பஸ் சக்கரத்துக்குப் பத்து நட்டு. முதல்ல சாதா ஸ்பேனர்ல எல்லாத்தையும் ஓரளவுக்கு முடுக்கணும். வரிசையா முடுக்கக் கூடாது, ஒண்ணை முடுக்கினா அடுத்து அதுக்கு எதிர்ல இருக்கறதை முடுக்கணும். இல்லேன்னா சக்கரம் ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காந்துக்கும். அதுக்கப்புறம் இடுப்பு உயரத்துக்கு ஒரு நீள ஸ்பேனர் இருக்கு. அதை மாட்டி இழுத்தா, சரியான இறுக்கம் வந்ததும் 'டக்'குன்னு ஒரு சத்தம் கேட்கும். பத்து நட்டுக்குப் பத்து 'டக்'. 'டக்' கேட்ட ஒவ்வொரு நட்டுக்கும் மஞ்சள் பெயிண்ட்ல ஒரு பொட்டு வைக்கணும். வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி டிரைவர் சுத்தி வந்து அந்தப் பொட்டைத்தான் பார்ப்பாரு. பத்தும் மஞ்சளா இருந்தா வண்டியை எடுப்பாரு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேட்கறீங்களா? கல்யாணமான புதுசுல புருஷனும் பொண்டாட்டியும் என்னென்னவோ பேசிப்பாங்களாம். இவர் எனக்கு நட்டு முடுக்கற வரிசையைச் சொல்லிக் கொடுத்தாரு. சாப்பாட்டுத் தட்டுல பத்துப் பருக்கையை வட்டமா வெச்சு.

நான் துணி தைக்கிற கம்பெனியில வேலை பார்க்கறேன். காலர் மட்டும்தான் என் வேலை, கை தைக்கறவங்க வேற, உடம்பு தைக்கறவங்க வேற. எனக்கு மூக்கு மேல கோபம் வரும்னு எங்க சூப்பர்வைசர் அம்மா சொல்லும். அந்த அம்மாவுக்கு வர்ற கோபமெல்லாம் முழங்கால்ல வருதாக்கும்.

அன்னைக்குக் காலையில ரெண்டு சாப்பாட்டு டப்பா கட்டி வெச்சேன். ரெண்டும் ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கின டப்பா. ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணு எனக்கு, அதுல உப்பு ரொம்பக் கம்மி, எனக்கு ரத்தக் கொதிப்புன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவர் நாலரை மணிக்கு இருட்டுல கிளம்பிப் போனவரு, என் டப்பாவைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. ஏழரைக்கு மேல நான் பையைக் கட்டும்போதுதான் பார்த்தேன். உடனே போனைப் போட்டேன்.

"ஏங்க, கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? என் டப்பாவைக் கொண்டு போயிட்டீங்க."

"அப்படியா? சரி, நான் இதையே சாப்பிட்டுக்கறேன்."

"நீங்க சாப்பிட்டுக்குவீங்க, நான் உங்க உப்பைத் தின்னுட்டு எங்க போய் விழறது? தினமும் நான் மூடியில பேர் எழுதி ஒட்டணுமா?"

"வேலையில இருக்கேன்மா."

"எல்லாரும் வேலையிலதான் இருக்கோம்"னு சொல்லி, இன்னும் ரெண்டு நிமிஷம் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டுத்தான் போனை வெச்சேன். வெச்சதும் மனசு நல்லா லேசா இருந்துச்சு.

ஒம்பது மணிக்கு மேல எங்க தெரு முனையில பஸ் ஏறினேன். உக்கார இடமும் கிடைச்சுது. பாலம் ஏறப்போற இடத்துல டிரைவர் ஓரம் கட்டி வண்டியை நிறுத்திட்டாரு. கண்டக்டர் போனைக் காதுல இருந்து எடுத்துட்டு, "எல்லாரும் இறங்குங்க, சக்கரத்துல ஏதோ சந்தேகமாம், டிப்போவுல இருந்து ஆள் வர்றாங்க"ன்னாரு.

நாப்பது பேர் ரோட்டோரத்துல நின்னோம். வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. பின்னாடி வந்த பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிஞ்சு நிக்காமலே போச்சு. ஒருத்தருக்கு ஆஸ்பத்திரியில நேரம் குறிச்சுக் கொடுத்திருந்தாங்களாம், கையில ஃபைலை வெச்சுக்கிட்டுத் தவிச்சாரு. ஒரு பொண்ணு வேலைக்குச் சேர்ந்து மூணாவது நாளாம். ஆளாளுக்கு அந்த முகம் தெரியாத மெக்கானிக்கைத் திட்ட ஆரம்பிச்சாங்க. நான் சும்மா இருப்பேனா? பத்து நிமிஷம் லேட்டானா எனக்கு அரை நாள் சம்பளம் போச்சு.

"காலையில பார்க்கவேண்டியதை ஒம்பதரைக்குப் பார்க்கறானாம். பொறுப்பு கெட்ட ஜென்மங்க. வீட்டுல கேட்க ஆள் இல்லை போலிருக்கு"ன்னு சொன்னேன். அங்க நின்னவங்கள்ல சத்தமாப் பேசினது நான்தான்.

டிப்போ வேன் வந்து நின்னுச்சு. நீள ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு இறங்கினவரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர்.

குடையை விரிச்சு முகத்தை மறைச்சுக்கிட்டேன். இல்லைன்னு சொல்லமாட்டேன், செஞ்சேன். குடைக்குக் கீழே அவரோட முழங்கால் மட்டும் எனக்குத் தெரிஞ்சுது. இடது பின் சக்கரத்துக்கிட்ட மண்டி போட்டாரு. ஸ்பேனரை மாட்டி இழுத்தாரு. 'டக்'. எதிர் நட்டு. 'டக்'. எல்லாமே மாட்டின உடனே 'டக்'குன்னு சொல்லிச்சு, ஒண்ணு கூட அரை இழை நகரல. அப்படின்னா காலையிலயே எல்லாத்தையும் சரியா முடுக்கியிருக்காருன்னு அர்த்தம். ஒரு குறையும் இல்லை.

"இதுக்காய்யா நிறுத்தின?"ன்னு ஃபைல்காரர் கத்தினாரு. "உனக்குப் பைத்தியமா?"ன்னு இன்னொருத்தர். இவர் எழுந்து, கையைத் துடைச்சுக்கிட்டு, "மன்னிச்சுக்குங்க. எனக்கு ஞாபகமில்லாம போச்சு. இப்பப் பார்த்துட்டேன், ஏறிக்கலாம்"னு சொன்னாரு. அப்படிச் சொல்லும்போது கூட்டத்தை ஒரு சுத்து பார்த்தாரு. என் குடை அவருக்குத் தெரியாதா? கம்பி உடைஞ்ச குடை, அதைச் சரி பண்ணினதே அவர்தான். பார்த்தாரு, உடனே முகத்தை வேற பக்கம் திருப்பிக்கிட்டு வேன்ல போய் ஏறினாரு. நான் யார்னு அங்க யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அவராவே பார்த்துக்கிட்டாரு.

அன்னைக்கு நான் தைச்ச காலர்ல பதினெட்டைப் பிரிச்சுத் திருப்பித் தைக்க வெச்சுது சூப்பர்வைசர் அம்மா.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பையைக் கூட வெக்காம ஆரம்பிச்சேன். "எல்லாரும் உங்களைத் திட்டறாங்க, நடுரோட்டுல மானத்தை வாங்கிட்டீங்களே. ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்குங்க நிறுத்தினீங்க?"

செருப்பைக் கழட்டிட்டு மெதுவா உக்காந்தாரு. "ஒம்பது மணிக்கு டப்பாவைத் திறந்து ஒரு வாய் வெச்சேன். உப்பில்லை. அப்பத்தான் நீ போன் பண்ணினது ஞாபகம் வந்துச்சு. போன் வந்தப்ப நான் அந்தச் சக்கரத்துல இருந்தேன். பேசி முடிச்சுட்டு என்ன செஞ்சேன்னு யோசிச்சேன். அடுத்த வண்டிக்குப் போனது ஞாபகமிருக்கு. இந்தச் சக்கரத்துல 'டக்' கேட்டதா இல்லையான்னு மட்டும் ஞாபகம் வரல."

"பொட்டு வெச்சிருப்பீங்கல்ல? டிரைவர் பார்த்துட்டுத்தானே எடுத்திருப்பாரு?"

"பொட்டை முதல்லயே வெச்சுட்டேன்."

அதுதான் அந்த டிப்போவுல நடக்கற விஷயம். பெயிண்ட் டப்பாவைத் திறந்து வெச்சா காஞ்சு போகுது, மூணு பஸ் வரிசையில நிக்குதுன்னு, பத்து நட்டுக்கும் முதல்ல பொட்டை வெச்சுட்டு அப்புறமா முடுக்குவாங்களாம். எல்லாரும் செய்யறது. இவர் மாட்டேன்னுதான் இருந்தாரு, அவசரம்னு வந்தா இவரும் செஞ்சிருக்காரு. யாரும் வாயைத் திறந்து சொல்லிக்கறதில்லை, அவ்வளவுதான்.

அப்ப எங்க பொண்ணு உள்ளேயிருந்து வந்தா. காலேஜுல முதல் வருஷம், என் வாய் அப்படியே அவளுக்கு. "ஏம்மா, எல்லாரும் அப்பாவைத் திட்டினாங்கன்னு சொல்றியே, அவர் என் வீட்டுக்காரர்னு நீ சொன்னியா?"

நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டா. "போய்ப் படி"ன்னேன்.

அவர்கிட்ட மட்டும், "நான் அந்த பஸ்ஸுல இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் சீக்கிரமா நிறுத்தியிருப்பீங்களா?"ன்னு கேட்டேன்.

யோசிச்சாரு. பொய்க்காவது ஆமான்னு சொல்லக்கூடாதா? "இல்லைம்மா, அதே வேகத்துலதான் போன் பண்ணியிருப்பேன். பஸ்ஸுல இருக்கற எல்லாரும் யார் வீட்டு ஆளோதானே"ன்னாரு. இந்த மனுஷனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க.

மறுநாள் டிப்போ மேனேஜர் இவரைக் கூப்பிட்டாரு. கெட்டவர் இல்லை அவர். ஆனா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர் புகார் எழுதிப் போட்டுட்டாரு, மேலேயிருந்து கேள்வி வந்துடுச்சு. "ஒரே வரி எழுதிக் கொடுத்துடுப்பா. தேவையில்லாம வண்டியை நிறுத்திட்டேன், இனிமே இப்படி நடக்காதுன்னு. ஃபைலை மூடிடறேன். இல்லேன்னா உன்னைச் சக்கரத்துக்கிட்ட வெச்சுக்க என்னால முடியாது"ன்னு சொல்லியிருக்காரு.

இருபத்திமூணு வருஷம் சக்கரம் மாட்டின மனுஷனுக்கு அந்த இடம் போயிடும். அந்த ஒரு வரியை எழுதினா நிக்கும். இதுல யோசிக்க என்ன இருக்குன்னு நான் நினைச்சேன். இவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி மேஜையில பேப்பரை வெச்சு உக்காந்தாரு. நானும் எதிர்ல உக்காந்தேன்.

"எழுதித் தொலைங்களேன்."

"தேவையில்லாமன்னு எப்படி எழுதறது? ஞாபகமில்லை, அதனால நிறுத்தினேன். அதுக்குப் பேர்தானே தேவை?"

"நட்டு இறுக்கமாத்தானே இருந்துச்சு?"

"அது நிறுத்தினதுக்கு அப்புறம்தானே தெரிஞ்சுது." பேனாவைக் கீழே வெச்சாரு. "இப்ப நான் இதை எழுதிக் கொடுத்தா, நாளைக்கு இன்னொருத்தனுக்கு இதே சந்தேகம் வரும். எதுக்கு வம்புன்னு அவன் போனை எடுக்க மாட்டான். அவன் நட்டு இறுக்கமா இருக்கும்னு என்ன நிச்சயம்?"

நான் கத்தினேன், அழுதேன், ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசல. பிடிச்ச பிடியை விடுவாரா? குழாயையே விடமாட்டாரு. கடைசியில அவர் எழுதினதை நான் படிச்சேன், இன்னைக்கும் மனப்பாடம்:

"காலை 7.35 மணிக்கு இடது பின் சக்கரத்தை முடுக்கும்போது என் கவனம் சிதறியது. முடுக்குவதற்கு முன்பே பத்து நட்டுகளுக்கும் பொட்டு வைத்திருந்தேன். அது தவறு. பல நாள் அப்படிச் செய்திருக்கிறேன். அதனால் பொட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. எனக்கும் நினைவில்லை. ஆகவே வண்டியை நிறுத்தச் சொன்னேன். நட்டுகள் இறுக்கமாகவே இருந்தன. மறுபடியும் நினைவில்லாமல் போனால் மறுபடியும் நிறுத்தச் சொல்வேன்."

7.35ன்னு பார்த்ததும் என் போனை எடுத்து அந்த நேரத்தைத் தேடினேன். நான் அவரைக் கூப்பிட்ட நேரம்தான். கவனம் சிதறியதுன்னு எழுதினவரு, யார் சிதறடிச்சாங்கன்னு எழுதல.

"பொண்டாட்டி போன் பண்ணினான்னு எழுதவேண்டியதுதானே?"ன்னு கேட்டேன்.

"பண்ணினது நீ. எடுத்தது நான்தானே"ன்னுட்டு பேப்பரை மடிச்சாரு.

அந்தக் கடுதாசியால மேனேஜரைவிட அதிகமாக் கொதிச்சது கூட வேலை செஞ்சவங்கதான். பொட்டு ரகசியத்தைப் போட்டு உடைச்சுட்டாருல்ல. அங்க ஒருத்தர் இருக்காரு, எல்லாரும் 'ரேடியோ'ன்னு கூப்பிடுவாங்க, வாயை மூடவே மாட்டாரு. இவருக்குப் பக்கத்துச் சக்கரம் அவருது, பன்னெண்டு வருஷப் பழக்கம், எங்க வீட்டுக்கும் வந்து போறவரு. மேனேஜர் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, "நீங்களும் முதல்லயே பொட்டு வெப்பீங்களா?"ன்னு கேட்டப்ப, "ஐயையோ, நாங்க அப்படிச் செய்யறதே இல்லை சார்"னு முதல்ல சொன்னது ரேடியோதான். மத்தவங்களும் அதையே ஒப்பிச்சாங்க. ஆக, இவர் மட்டும்தான் தப்பு செஞ்சவர்னு ஆச்சு. இவர் டீ குடிக்கப் போனா, "ஏம்பா, கப்பைக் கீழே வெச்சியா, ஞாபகமிருக்கா? இல்லேன்னா கடையையே நிறுத்தச் சொல்லு"ன்னு ரேடியோ கிண்டல் பண்ணுவாராம். மத்தவங்க சிரிப்பாங்களாம்.

இவரை பஸ் கழுவற இடத்துக்கு மாத்தினாங்க.

முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கையில தண்ணிக் குழாய், சோப்புத் தண்ணி வாளி. வீட்டுக்கு வரும்போது விரலெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். ஒரு வார்த்தை குறை சொல்லல. நான்தான் அவருக்கும் சேர்த்து அந்த டிப்போவை வாய்க்கு வந்தபடி பேசிட்டிருந்தேன். ஒருநாள் காலையில பாத்திரம் கழுவப் போய்க் குழாய்ல கையை வெச்சேன். ஒரு விரல்ல திறந்துச்சு. இருபத்திரெண்டு வருஷமா நான் கேட்டது அதைத்தான். அங்கேயே நின்னு, தண்ணியை ஓடவிட்டு, சத்தம் வெளியே கேட்காம அழுதேன். உள்ளுக்குள்ள அவருக்கு என்ன ஆகியிருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

ஆனா வேலையில ஒரு குறை வெக்கல. சக்கரத்தைக் கழுவும்போது பழைய பல் தேய்க்கற பிரஷ்ஷை வெச்சு ஒவ்வொரு நட்டா தேய்ப்பாராம். சேறு மூடியிருந்தா டிரைவருக்கு ஒண்ணும் தெரியாதேன்னு. ஒரு டிரைவர் என்கிட்டயே சொன்னாரு, "உங்க வீட்டுக்காரர் கழுவின வண்டின்னா சக்கரத்தைப் பார்த்தே சொல்லிடலாம்"னு. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். தினமும் பஸ்ஸுல பாலத்தைத் தாண்டும்போது அன்னைக்கு நின்ன இடத்தைப் பார்ப்பேன். குடைக்குள்ள ஒளிஞ்சவதானே நீன்னு என்னையே கேட்டுக்குவேன்.

பதினோரு மாசம் போச்சு.

அன்னைக்குத் தூறல். வழக்கம்போல பஸ் ஏறி, நின்னுக்கிட்டே போயிட்டிருக்கேன். காய்கறி மார்க்கெட் தாண்டினதும் வண்டி ஓரம் கட்டுச்சு. கண்டக்டர் போனைக் காதுல இருந்து எடுத்தாரு. அவர் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. "எல்லாரும் இறங்குங்க. டிப்போவுல இருந்து போன். முன் சக்கரமாம்."

இறங்கினோம். கடை ஓரமா ஒதுங்கினோம். திட்டும் ஆரம்பிச்சுது, அதே மாதிரி, அதே வார்த்தைங்க. "தூங்கிட்டு வேலை பார்க்கறானுங்க"ன்னு ஒருத்தர். "போன வருஷமும் ஒருத்தன் இப்படித்தான் பாலத்துக்கிட்ட நிறுத்தினான், ஒண்ணுமே இல்லை, சும்மா"ன்னு இன்னொரு அம்மா.

வேன் வந்துச்சு. முதல்ல இறங்கினது ரேடியோ. முகத்துல ஈயாடல, அந்த வாய் அப்படி ஒட்டிப் போயிருந்து நான் பார்த்ததே இல்லை. அவருக்குப் பின்னாடி ரப்பர் பூட்ஸோட இறங்கினாரு என் வீட்டுக்காரர்.

ஸ்பேனரை இவர் கையில கொடுத்துட்டு ரேடியோ சொன்னாரு, "நீயே பாருப்பா. நான் பார்த்தா என் கண்ணு எனக்குச் சாதகமாத்தான் பார்க்கும்."

இவர் மண்டி போட்டாரு. பத்து நட்டுலயும் மஞ்சள் பொட்டு பளிச்சுன்னு இருந்துச்சு. முதல் நட்டுல விரலை வெச்சாரு. நட்டு சுத்துச்சு. ஸ்பேனர் இல்லாம, வெறும் விரல்ல. அடுத்தது. அதுவும் சுத்துச்சு. பத்துல நாலு நட்டு அப்படி. திட்டிட்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கிப் போச்சு. இன்னும் கொஞ்ச தூரத்துல இறக்கம், அதுக்குக் கீழே பள்ளிக்கூடம். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லல, எல்லாரும் அந்தப் பக்கமாப் பார்த்தாங்க.

அப்புறம் ஒருத்தர் ரேடியோ சட்டையைப் பிடிக்கப் போனாரு. "நாப்பது பேரைக் கொல்லப் பார்த்தியே."

ரேடியோ விலகல. "ஆமாங்க, என் தப்புதான். பொட்டை வெச்சுட்டு டீக்குப் போயிட்டேன். திரும்பி வந்து மிச்சத்தை முடுக்கினேனா இல்லையான்னு ஞாபகமில்லை. போன் பண்ணவா வேண்டாமான்னு கால் மணி நேரம் உக்காந்திருந்தேன்." இவரைக் கை காட்டினாரு. "இந்த ஆள் அங்க எதிர்ல பஸ் கழுவிட்டிருந்தாரு. இவர் போன வருஷம் பண்ணினாரேன்னு பண்ணிட்டேன். அன்னைக்கு இவரைப் பார்த்து முதல்ல சிரிச்சதே நான்தான்."

அடுத்த வாரமே இவரைச் சக்கரத்துக்குத் திருப்பிக் கூப்பிட்டாங்க. 'டக்' கேட்டதுக்கு அப்புறம் இன்னொரு ஆள் வந்து பொட்டு வெக்கணும்னு முறையை மாத்தினாங்க. சந்தேகம்னு போன் பண்றவங்க யாரும் விளக்கம் எழுதவேண்டாம்னு மேனேஜரே நோட்டீஸ் ஒட்டினாரு. எங்க வீட்டுக் குழாயும் பழையபடி யாராலும் திறக்க முடியாம ஆயிடுச்சு. அதெல்லாம் பின்னாடி நடந்தது. எனக்கு முக்கியம் அந்தக் காலைதான்.

வண்டி காலியாத்தான் டிப்போவுக்குத் திரும்பணும், ஆனாலும் முடுக்காம நகர்த்த முடியாது. இவர் ஸ்பேனரை மாட்டி இழுக்க ஆரம்பிச்சாரு. 'டக்'. எதிர் நட்டு. 'டக்'. தூறல் அவர் முதுகு மேல விழுந்துட்டிருந்துச்சு. என் கையில அதே குடை, கம்பி உடைஞ்சு அவர் சரி பண்ணிக் கொடுத்த குடை. அதை மடக்கிட்டேன். கூட்டத்தை விலக்கிக்கிட்டு முன்னாடி போய் நின்னேன்.

"இவர் என் வீட்டுக்காரர்"னு சொன்னேன். கொஞ்சம் சத்தமாவே வந்துடுச்சு, எல்லாரும் திரும்பினாங்க. "போன வருஷம் பாலத்துக்கிட்ட பஸ்ஸை நிறுத்தினது இவர்தான். சும்மா நிறுத்தல. ஞாபகமில்லைன்னு நிறுத்தினாரு. அதை ஒத்துக்கிட்டதுக்குப் பதினோரு மாசமா பஸ் கழுவிட்டிருக்காரு. அன்னைக்கு அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன். எல்லாரையும்விட அதிகமாத் திட்டினேன், அப்புறம் குடைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். இன்னைக்குச் சொல்றேன், இவர் என் வீட்டுக்காரர்."

போன வருஷத்தைப் பத்திப் பேசின அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ரேடியோ தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

இவர் ஸ்பேனரை இழுக்கறதை நிறுத்திட்டு, மழைத்தண்ணி வழியற முகத்தோட என்னை நிமிர்ந்து பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. ஏதோ சொல்லப் போறாருன்னு நினைச்சேன்.

"ஆறா, ஏழா?"ன்னு கேட்டாரு.

"என்னங்க?"

"எத்தனை 'டக்' கேட்டுச்சு? நீ பேசினதுல விட்டுட்டேன்மா."

கூட்டத்துல யாரோ சிரிச்சாங்க. ஒருத்தர் ஆறுன்னாரு, இன்னொருத்தர் ஏழுன்னாரு. இவர் யார் சொன்னதையும் எடுத்துக்கல. முதல் நட்டுல இருந்து மறுபடியும் ஆரம்பிச்சாரு. பின்னாடி ஒரு காலி பஸ் வந்து நின்னுச்சு. ஒருத்தர்கூட ஓடிப்போய் ஏறல. நாப்பது பேரும் மழையில நின்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தாங்க.

பத்தாவது 'டக்' கேட்கற வரைக்கும் நான் வாயைத் திறக்கல.